பாதிப் படம் பாத்த பேராண்டிக்கு

எந்திரிக்காத அப்பு, எந்திரிக்காத. பெரிய ஸ்டண்டு நடிகரு, ஒரு கெழவனுக்காக எந்திரிச்சு நிக்கிறதாவது! கால அப்படியே தலகாணி மேல வச்சுக்க. மாவுக்கட்டு மேல எவனோ பேனாவால "சீக்கிரம் வா தல"ன்னு எழுதியிருக்கான். ரசிகர் மன்றம் வச்சாச்சுபோல. விழுந்த அன்னைக்கே வந்து பாக்கணும்னுதான் நெனச்சேன். நடிகரப் பாக்க ஊரே நிக்கும், கூட்டம் கலையட்டும்னு இருந்துட்டேன்.

மோட்டார் ரூம் மேல இருந்தில்ல குதிச்சியாம்? பத்தடி இருக்குமா? நீ பாத்த படத்துல கதாநாயகன் நாலு மாடி உசரத்துல இருந்து குதிச்சு, ஒத்த முட்டியத் தரையில ஊனி, தலைய மெதுவா நிமித்தி ஒரு பார்வை பாத்தானாம். நீயும் முட்டிய ஊனுன. தலையத்தான் நிமித்த முடியல.

சாவடியில பேப்பர் படிக்க வர்ற ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியாரு கணக்குப் போட்டுச் சொன்னாரு. பத்தடியில இருந்து விழுகிறவன் தரையத் தொடுறப்ப மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்துல வருவானாம். அதே வேகத்துக்கு டிவிஎஸ் எக்ஸெல்ல முறுக்கிக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரிச் செவத்துல முட்டியிருந்தாலும் இதே காலுதான் ஒடிஞ்சிருக்கும். ஆனா ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்திருக்கும். ஒனக்கு அந்த யோசனை வரல பாரு.

நான் ஒன்ன வைய வரல. வையிற வேலைய ஒங்கப்பன் பாத்துக்கிட்டான். சினிமாவக் காப்பியடிக்காதன்னும் சொல்ல மாட்டேன். அடி, நல்லா அடி. ஆனா முழுசா அடிக்கணும்ல? பரிச்சையில பக்கத்துப் பயலப் பாத்து பாதிக் கணக்க எழுதிட்டு வந்தா எவன் மார்க்குப் போடுவான்?

அந்தக் குதிய முழுசாக் காப்பியடிக்க என்னென்ன வேணும்னு சொல்றேன், கேட்டுக்க. மொதல்ல ஒரு கிரேன். சட்டைக்குள்ள ஒடம்பச் சுத்தி வாரு. வாருல மாட்ட ரோப்பு, அத இழுத்துப் பிடிக்க நாலஞ்சு ஆளு. படம் முடிஞ்சப்பறம் அந்த ரோப்பக் கம்ப்யூட்டர்ல அழிக்கிறதுக்கு ஒரு ஆபீசே இருக்கு. ரோப்பு வேண்டாமா? அப்பக் கீழ காலி அட்டப்பெட்டி அடுக்கணும், ஆள் உசரத்துக்கு. அதுக்கு மேல மெத்தை. இப்பல்லாம் காத்தடிச்ச பையும் போடுறாய்ங்க. மேல இருந்து விழுகிறவன் வேகத்தை அட்டப்பெட்டி கொஞ்சங்கொஞ்சமா நசுங்கி வாங்கிக்கிரும். ஏதோ ஒண்ணு நசுங்கியே ஆகணும் அப்பு. பெட்டி இல்லாட்டி கணுக்காலு.

இன்னொண்ணு. மாடியில இருந்து குதிச்ச ஆளும் கீழ முட்டிய ஊனுன ஆளும் ஒருத்தன்னா நெனைக்கிற? குதிச்சவரு டூப்பு. வயித்துப்பாட்டுக்குக் குதிக்கிறவரு, அதுக்குன்னு வருசக்கணக்கா பழகினவரு. மூஞ்சியக் காட்டுறவரு ரெண்டடி முக்காலி மேல இருந்து எறங்கி முட்டிய ஊனுவாரு. ரெண்டுக்கும் நடுவுல எடிட்டரு கத்திரிய வச்சிருவாரு. நீ டூப்பு பாதியையும் ஹீரோ பாதியையும் சேத்து ஒரே ஆளா செஞ்சிருக்க. சம்பளம் ரெண்டு மடங்கு கேக்கலாம்.

கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வெளிய வர்ற காட்சி வருமே, அது அந்தக் காலத்துல சீனிப்பாகக் காச்சி ஊத்தின கண்ணாடி. இப்ப அதுக்குன்னு ஒரு பிசின் வந்திருக்கு. ஒடஞ்சா கிழிக்காது. நம்ம வீட்டு சன்னல் கண்ணாடி அப்படியில்ல. மணிக்கட்டுல எறங்குச்சுன்னா ரத்தக்குழாயும் நரம்பும் ஒண்ணா அறுபடும். போன திருவிழாவுல ஒன் சேக்காளி தலையில டியூப்லைட்ட ஒடச்சுக் கைதட்டு வாங்கினான்ல? அதுக்குள்ள பாதரசம் இருக்குன்னு அவனுக்கு எவனும் சொல்லல. குத்து விடுறதும் மூஞ்சிக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும், கேமரா நிக்கிற எடத்துல இருந்து பாத்தா பட்ட மாதிரி தெரியும். சத்தத்தைப் பெறகு சேப்பாய்ங்க.

இம்புட்டும் வச்சுக்கிட்டுச் செய்யிறவகளுக்கே என்ன நடந்துச்சுன்னு கேளு. 1959ல சீர்காழியில 'இன்பக்கனவு' நாடகம். சண்டைக் காட்சியில குண்டுமணிங்கிற பெருத்த ஆள எம்ஜிஆர் தூக்குறாரு. அந்த ஆளு அவரு மேலயே விழுந்து காலு ஒடிஞ்சு போச்சு. வாத்தியாரு எம்ஜிஆருக்கே காலு ஒடிஞ்சுச்சு! படமெல்லாம் நின்னு, மாசக்கணக்குல படுக்கை. அப்ப தமிழ்நாட்டுல அவரு காலுக்குப் பத்துப் போட உளுந்தும் முட்டையும் குடுத்துவிட ஆளில்லாமலா இருந்துச்சு? அவரு டாக்டருககிட்டத்தான் கால நீட்டினாரு.

மலையாளத்துல ஜெயன்னு ஒருத்தரு. டூப்பு வேண்டாம்பாரு, எல்லாம் நானே செய்வேன்பாரு. 1980 நவம்பர் 16, நம்ம மெட்ராசுக்குப் பக்கத்துல சோழவரம். ஓடுற மோட்டார் சைக்கிள்ல இருந்து பறக்குற ஹெலிகாப்டர எட்டிப் பிடிச்சுத் தொங்கணும். டைரக்டரு போதும்னுட்டாரு. இவருதான் இன்னொரு தடவை எடுப்போம்னாரு. ஹெலிகாப்டரு தரையில மோதி ஆளே போயிட்டாரு. ஜாக்கி சான் தெரியும்ல? 1986ல வந்த படத்துக்கு யூகோஸ்லாவியாவுல மரத்துக்குத் தாவுனாரு. மொதத் தடவை நல்லாத்தான் வந்துச்சு. மனசு நெறையல, மறுபடி தாவுனாரு. கெளை ஒடிஞ்சு கீழ பாறையில மண்டை மோதி ஓடு ஒடஞ்சு, மூளைக்கு மேல ஆப்பரேசன். நீயும் ரெண்டாவது டேக்குலதான் விழுந்தியாமே? பெரியவக வரிசையில ஒனக்கும் ஒரு எடம் இருக்கு.

அமிதாப் பச்சன் கதை இன்னும் நீளம். 1982ல பெங்களூருல 'கூலி' படச் சண்டை. ஒரு மேசை மூலை வயித்துல பட்டுச்சு. வெளிய பெருசா ஒண்ணும் தெரியல. உள்ள குடல் பிஞ்சு போச்சு. சாவு வாசல் வரைக்கும் போயி வந்தாரு. படம் 83ல வந்து, அடிபட்ட எடத்துல காட்சிய நிறுத்தி எழுத்துப் போட்டுக் காட்டினாக. அதோட முடிஞ்சுச்சா? அன்னைக்கு ஏத்தின ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்து, 2000ம் வருசத்துல பாத்தா ஈரல்ல முக்காவாசி போயிருச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. ஒரு நொடி அடி, பதினெட்டு வருசம் கழிச்சு வட்டி கேட்டுச்சு. 2025 ஜூலையில நாகப்பட்டினம் பக்கம் காரக் கவுக்கிற காட்சியில அனுபவப்பட்ட ஸ்டண்டு மாஸ்டரு ஒருத்தரு செத்துப் போனாரு. அத வச்சு நான் வெளாட்டுப் பேச்சு பேசமாட்டேன்.

சரி, நீ விழுந்த கதைக்கு வருவோம். நீ குதிச்சது சும்மா முன்னோட்டம். நெசச் சண்டைக்காட்சி நீ விழுந்ததுக்கு அப்புறந்தான் ஆரம்பிச்சுச்சுன்னு சொன்னாக.

ஒங்க சித்தப்பன் ஓடியாந்து, "சுளுக்குதான், ஒரு இழுப்பு இழுத்தா சரியாகிரும்"னு காலப் பிடிச்சு இழுத்தானாம். ஒடிஞ்ச எலும்பு முனை கத்தி மாதிரி இருக்கும். இழுத்தா உள்ள இருக்கிற ரத்தக்குழாய அது அறுக்கும். ஒங்க அப்பத்தா வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் அடிச்சுக்கிட்டு வந்துச்சாம். பக்கத்து வீட்டுக்காரன் வண்டியக் கெளப்பி, திருத்தணிக்கு அங்கிட்டு இருக்கிற புத்தூருக்குக் கட்டுப் போடக் கெளம்புங்கன்னானாம். கடைசியில ஒன் சேக்காளிக ரெண்டு பேரு ஒன்ன நடுவுல உக்கார வச்சு, காலத் தொங்கப் போட்டுக்கிட்டு பைக்குலயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காய்ங்க. 2008ல இருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடிக்கிட்டிருக்கு தமிழ்நாட்டுல. ரீலு போடப் போனு இருக்கு, மூணு நம்பரு அமுக்கத்தான் விரலு இல்ல. காலோட ரெண்டு பக்கமும் ஒரு குச்சியோ, சுருட்டின பேப்பரோ வச்சு, துணியால லேசாக் கட்டி, அசைக்காமப் படுக்கப் போட்டிருந்தாலே போதும். அதுல வீரம் இல்லைங்கிறதால யாரும் செய்யல.

புத்தூர நான் கொறை சொல்லல. தலைமுறையா பச்சிலையும் வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் வச்சுக் கட்டுறாக, எங்கெங்கயோ இருந்து சனம் போகுது. நம்ம பக்கத்துலயும் ஒரு எலும்பு வைத்தியரு இருந்தாரு. கையத் தொடுறதுக்கு முந்தி அரை மணி பாத்துக்கிட்டே இருப்பாரு. எலும்பு தோலக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திருந்தாலோ, மூட்டுப் பக்கம் ஒடிஞ்சிருந்தாலோ, "நம்ம கையில இல்லய்யா, மதுரைக்குத் தூக்குங்க"ன்னுருவாரு. அவருகிட்ட இருந்து ஊரு கத்துக்கிட்டது உளுந்து மாவ மட்டுந்தான். பாத்துக்கிட்டே இருந்த அந்த அரை மணியக் கத்துக்கிட்டவன் எவனும் இல்ல.

கட்டுன்னா இறுக்கமா இருக்கணும்னு எவன் சொன்னான்? ஒடிஞ்ச காலு வீங்கும். வீங்க எடமில்லாட்டி உள்ள ரத்தம் நிக்கும். சில மணி நேரத்துல சதை சாக ஆரம்பிக்கும், பெறகு வெட்டி எடுக்கிற வேலைதான். மாத்திரைக்கும் அடங்காம வலி ஏறிக்கிட்டே போறது, விரலு நீலம் பாயிறது, சில்லுனு ஆகுறது, மரத்துப் போறது: இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஓடணும். மூங்கில் கட்டுக்கு மட்டுமில்ல, ஒன் மாவுக்கட்டுக்கும் இதே சட்டந்தான். எங்க, கால் விரல ஆட்டு பாப்போம். ம், ஆடுது. அதென்ன தலகாணிக்கு அடியில வெளக்குமாத்து ஈர்க்கு? அரிக்குதா? உள்ள விட்டுச் சொறிஞ்சா தோலு கிழிஞ்சு சீழ் வைக்கும், வெளிய தெரியவும் தெரியாது. குடு இங்கிட்டு. பல்லுக் குத்த எனக்கு ஆகும்.

ஒங்க வீட்டு அடுப்படி ஒரு மருந்துக்கடைதான், எனக்குத் தெரியாததா? போன பொங்கலுக்கு ஒன் தங்கச்சி கையில கொதிக்கிற பாலு கொட்டுச்சு. ஒங்கம்மா இட்லி மாவத் தடவுச்சு. அத்தை பேஸ்ட்ட அப்புச்சு. ஒங்கப்பன் எங்கிட்டோ தேடி இங்க் பாட்டில எடுத்தாந்து ஊத்தினான். சின்னத்தாயி ஐஸ் கட்டி கொண்டாந்துச்சு. நர்சம்மா அதையெல்லாம் சொரண்டி எடுக்கிறப்ப பிள்ள போட்ட சத்தம் மேலூருக்குக் கேட்டிருக்கும். எல்லாம் இருந்த வீட்டுல கொழாயத் தெறந்துவிட ஆளில்ல. ஓடுற பச்சத் தண்ணியில இருபது நிமிசம் கைய நீட்டி வச்சு, வளையலக் கழட்டி, சுத்தமான துணிய மேல போத்தி டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகணும். இம்புட்டுத்தான். இருபது நிமிசம் சும்மா நிக்க நம்மாளுகளுக்கு முடியாது. எதையாச்சும் தடவினாத்தான் பாசம்.

வெட்டுக்காயத்துக்கு மஞ்சளும் காப்பித்தூளும். நம்ம மஞ்சளுக்கு அமெரிக்காவுல போயி வழக்காடி ஜெயிச்சோம்லன்னு சாவடியில ஒருத்தன் மல்லுக்கு நின்னான். நெசந்தான். 1995ல மஞ்சள் காயத்தை ஆத்தும்னு அங்க ஒரு பேடண்டு வாங்கினாய்ங்க. நம்ம அரசாங்கத்து விஞ்ஞானிக எதுத்து நின்னு 1997ல ரத்து பண்ண வச்சாக. அது எங்க ஊருப் பழைய சங்கதிடான்னுதான் ஜெயிச்சாக. தையல் போடவேண்டிய வெட்டுக்கு மஞ்சள் போதும்னு அந்தத் தீர்ப்புல இல்லியே? காயத்துக்குள்ள காப்பித்தூள அடச்சு வச்சுக்கிட்டுப் போனா, எம்புட்டு ஆழம்னு டாக்டரு எப்படிப் பாப்பாரு? அவரு மொதல்ல டிகாஷன் எறக்கணும். சோப்புத் தண்ணியில கழுவு, துணிய வச்சு அழுத்திப் பிடி, ஆஸ்பத்திரிக்குப் போ. மண்ணுலயும் சாணியிலயும் ரணஜன்னிக் கிருமியோட வித்து கெடக்கு. அதுக்கு ஊசி இருக்கு, அடுப்படியில மருந்து இல்ல. நாய்க்கடிக்கு மெளகாப்பொடி வைக்கிறவன் இன்னமும் இருக்கான். வெறி தலைக்கு ஏறுச்சுன்னா பொழைக்கிறது அநேகமாக் கெடையாது. கால் மணி நேரம் ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போகணும்.

சினிமா வைத்தியம் தனி ரகம். மண்டையில அடி விழுந்தா பழசெல்லாம் மறந்துரும். அதே எடத்துல மறுபடி அடி விழுந்தா ஞாபகம் வந்துரும். ஆனா நெசத்துல, மொத அடிக்குக் கலங்கின மூளைக்கு அது ஆறுறதுக்குள்ள விழுகிற ரெண்டாவது அடிதான் எமன். மண்டையில பட்டவன் வாந்தி எடுத்தாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ, பேச்சுக் கொழறினாலோ பாட்டுப் பாடிக் காட்டாம ஸ்கேனுக்குத் தூக்கணும். வயித்துல குத்தின கத்திய ஹீரோ புடுங்கி வில்லனுக்கே வீசுவான். அடைச்சுக்கிட்டிருக்கிற கத்தியப் புடுங்கினா ரத்தம் கொட்டிப்போயிரும். அசையாம வச்சுக் கொண்டுபோறதுதான் மொறை.

பாம்பு கடிச்சதும் கதாநாயகன் வாய வச்சு உறிஞ்சித் துப்புவான். அடுத்து டூயட்டுன்னு அர்த்தம். உள்ள போன விசம் உறிஞ்சினா வராது. கயித்தால இறுக்கிக் கட்டினா விசம் நிக்காது, காலு போகும். கட்டுவிரியன் கடிச்சா வீக்கமும் பெருசா இருக்காது, வலியும் தெரியாது. எறும்புன்னு நெனச்சுப் பெரண்டு படுத்தவன் விடிய எந்திரிக்க மாட்டான். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிக்கிறவகளோட கூட்டுறவுச் சங்கம் இருக்கு, 1978ல ஆரம்பிச்சது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுகிட்ட இருந்தும் விசம் எடுத்துக் குடுக்குறாக. அத குதிரைக்குக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, குதிரை ரத்தத்துல இருந்து விசமுறிவு மருந்து எடுக்குறாய்ங்க. 2023ல இருளர்க ரெண்டு பேருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாக. மலை மூலிகை அவுகளுக்குத் தெரியாததா? அவுகளே ஊசிக்குத்தான் விசம் எடுத்துக் குடுக்குறாக. நம்மூருல செடி பேரு நாலு தெரியாதவன் பச்சிலை அரைக்கிறான்.

பெறகு எப்படிப் பச்சிலையில பொழைச்சாங்கிறியா? பாம்பு கடிக்கிறப்பல்லாம் விசத்தை எறக்குறதில்ல அப்பு. விசமே இல்லாத பாம்புகதான் அதிகம். அப்படிக் கடி வாங்கினவன் பொழைச்சா மந்திரிச்சவனுக்குப் பேரு. செத்தா, "லேட்டாக் கொண்டாந்துட்டாக." சுளுக்கு பத்து நாளுல தானா ஆறும், நீவி விட்டவனுக்குத் தேங்கா பழம். ஆறாம நொண்டுறவன் திருவிழாவுக்கு வந்து கதை சொல்ல மாட்டான். சினிமாவுல கத்திரி எடிட்டரு கையில இருக்கு, ஊருல ஒவ்வொருத்தன் வாயிலயும் இருக்கு. ஜாக்கி சான் ஒருத்தருதான் யோக்கியன். விழுந்தது, ஒடஞ்சது, ஸ்ட்ரெச்சர்ல போனது எல்லாத்தையும் படத்துக் கடைசியில பேரு ஓடுறப்பவே போட்டுக் காட்டிருவாரு. நம்ம சனம் அதுக்குள்ள எந்திரிச்சு சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடிரும்.

இப்ப ஒன் படத்துக்கு வருவோம். ஒன் கேமராமேன் அத நெட்டுல ஏத்திட்டான். டீக்கடையில பயக போட்டுக் காட்டினாய்ங்க. நல்லா வந்திருக்கு, பொய் சொல்லக்கூடாது. நீ ஓடி வர்ற, பறக்குற, பின்னால பாட்டு. ரெண்டாவது டேக்குல பறந்தத, மொத டேக்குல முட்டிய ஊனுனதோட ஒட்ட வச்சிருக்கான் பய. அதுக்கப்பறம் கருப்பு. எண்ணூறு லைக்காம். நேத்துச் சாயங்காலம் வயலுக்குப் போறேன், மேலத்தெருப் பொடியன் ஒருத்தன், அஞ்சாங்கிளாஸ் இருக்கும், அதே மோட்டார் ரூம் மேல நின்னு கீழ எட்டி எட்டிப் பாக்குறான். "என்னடா"ன்னேன். "அண்ணன் மாதிரி"ங்கிறான். காதப் பிடிச்சு எறக்கி விட்டுட்டு வந்தேன். நாளைக்கு நான் அங்கிட்டுப் போவேனோ என்னவோ.

அந்தா வாறான் பாரு ஒன் கேமராமேன், கையில ஆப்பிளோட. அவங்கிட்ட ஒண்ணு சொல்லிரு. மிச்சத்தையும் சேத்துப் போடச் சொல்லு. நீ விழுந்தது, கால் திரும்பிக் கெடந்தது, ஒங்க சித்தப்பன் இழுத்தது, "அப்பத்தா"ன்னு நீ போட்ட கூப்பாடு, எதையும் வெட்டாம. பாட்டு வேணும்னா அதுக்கு மேல போட்டுக்கிடட்டும்.